பெயர் சொல்லாத பெண்கள்

எங்கள் ஆயா ஆறுக்கு அடுத்த எண்ணைச் சொல்ல மாட்டாள். களத்தில் மல்லாட்டையை மரக்காலில் அளந்து மூட்டையில் கொட்டும்போது, “அஞ்சு, ஆறு, அதுக்கு மேல ஒண்ணு, எட்டு” என்றுதான் எண்ணிக்கை போகும். தாத்தாவின் பெயர் அந்த எண்ணில் தொடங்கி மலையில் முடிவது. திண்டிவனத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். பெயரைச் சொல்லக் கூடாது என்று தொடங்கியது, எண்ணையும் விழுங்கிவிட்டது. வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டால்கூடச் சிரித்துக்கொண்டு விரலைக் காட்டுவாள்.

தாத்தா இறந்த பிறகு ஓய்வூதியத்துக்கு எழுதிக்கொடுக்க ஆயாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. “வீட்டுக்காரர் பேர் என்னம்மா?” என்று கேட்டார்கள். ஆயா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் அவள் வாயில் வரவில்லை. ஆயுசு குறையும் என்பதுதான் காரணமென்றால், குறைவதற்கு இனி என்ன இருந்தது?

பெயர் சொல்லாதது மட்டுமில்லை. தாத்தா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிடுவாள். ஒன்றாக உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இல்லை. என் அம்மா இதில் பாதியை விட்டாள். அப்பாவின் பெயரை விண்ணப்பங்களில் எழுதுவாள், வாயால் சொல்ல மாட்டாள். நான் என் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், மாமியார் வந்து தங்கும் நாட்களைத் தவிர.

மரியாதை என்று சொல்லித்தான் எங்களுக்கு இதையெல்லாம் பழக்கினார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொஞ்சம் படித்த பிறகு அடிமைத்தனம் என்று நினைத்தேன். இரண்டும் இல்லாத மூன்றாவது விளக்கம் ஒன்று, ஏறக்குறைய 2,450 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கிரேக்க நூலில் கிடைத்தது. அது அயோனியாவைப் பற்றியது.

அயோனியா என்பது இன்றைய துருக்கியின் மேற்குக் கரை. ஈஜியன் கடலை ஒட்டிய ஒரு துண்டு நிலம், எதிரே கியோஸ், சாமோஸ் என்று இரண்டு தீவுகள். எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நகரங்கள். அவற்றில் தெற்குக் கோடியில் இருந்த துறைமுகம் மிலேட்டஸ். உலகம் எதனால் ஆனது என்ற கேள்விக்குத் தெய்வக் கதைகளின் துணையில்லாமல் விடை தேடிய தேலிஸ், அனாக்சிமாண்டர், அனாக்சிமினிஸ் மூவரும் கி.மு. 6ஆம் நூற்றாண்டு மிலேட்டஸ்காரர்கள். எங்கள் வகுப்பறைகளில் அயோனியாவுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் இந்த மூன்று பெயர்களோடு முடிந்துவிடும். கிரேக்கச் சிந்தனை ஏதென்ஸில் தொடங்கவில்லை, ஆசியக் கரையில் தொடங்கியது என்று ஆசிரியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஹெரடோடஸ் அந்தக் கரையைச் சேர்ந்தவர். கி.மு. 484 வாக்கில், மிலேட்டஸுக்குத் தெற்கே ஹாலிகார்னாசஸ் நகரத்தில் பிறந்தார். தன் வரலாற்றின் முதல் நூலில், 146ஆம் பத்தியில், அயோனியர்களில் சிலர் தங்களைச் சுத்த ரத்தம் என்று பீற்றிக்கொள்வதைக் கிண்டல் செய்கிறார். ஏதென்ஸிலிருந்து புறப்பட்டு வந்த, எல்லாரிலும் உயர்ந்தவர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்ட அந்தக் கூட்டம், கப்பலில் மனைவிகளை அழைத்து வரவில்லை. வந்து இறங்கிய இடத்தில் காரியா என்ற நாட்டின் மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் செய்துகொண்டார்கள், சத்தியம் செய்து அதை உறுதியாக்கினார்கள், மகள்களுக்கும் சொல்லி வைத்தார்கள். கணவனோடு சேர்ந்து உட்கார்ந்து உண்பதில்லை. கணவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. காரணத்தையும் ஹெரடோடஸ் சொல்கிறார். தங்கள் தகப்பனையும் கணவனையும் பிள்ளையையும் கொன்றவர்கள், கொன்றுவிட்டுத் தங்களோடு குடும்பம் நடத்துகிறவர்கள் என்பதால். இது நடந்தது மிலேட்டஸில் என்று முடித்துவிட்டு, அவர் பாட்டுக்கு அரசர்களைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார்.

இந்தப் பத்தியை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆயா செய்த அதே இரண்டு காரியங்கள். ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆனால் வரலாற்று மாணவி என்ற முறையில் உடனே சில சந்தேகங்களும் வரத்தான் வேண்டும். கிரேக்கர்கள் அந்தக் கரையில் குடியேறியதாக மரபு சொல்லும் காலம் ஹெரடோடஸுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தையது. அவருக்கு எப்படித் தெரியும்? வழக்கம் முதலில் இருந்திருக்கலாம், அதற்கு விளக்கமாகக் கதை பிறகு பிறந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் எண்ணுகிறார்கள். எங்கள் ஊர் ஏரிக்கும் குன்றுக்கும் கதை இருப்பதுபோல. இன்னொன்று, ஹெரடோடஸ் அந்தப் பெண்களுக்காக வருந்தி இதை எழுதவில்லை. சுத்த ரத்தம் பேசுகிறவனிடம் “உன் அம்மா யார்?” என்று கேட்பதற்காக எழுதினார். அவருடைய தகப்பனார் பெயரே காரியர் பெயர் என்று கருதப்படுகிறது. அவருக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருந்திருக்கலாம்.

கதை உண்மையா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மனைவி கணவனின் பெயரைச் சொல்வதில்லை, கூட உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதைப் பார்த்த ஓர் ஊர், அதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தபோது, ‘கோபம்’ என்று விடை சொல்லியிருக்கிறது. பக்தி என்று சொல்லவில்லை. அச்சம் என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் அதே காட்சியைப் பார்த்து ‘பதிவிரதை’ என்றது.

சாப்பாட்டு விஷயத்தில் நம் பக்கத்து ஏட்டையும் ஒருமுறை பார்க்கலாம். மநுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் ஆணுக்குச் சொல்கிறது: மனைவியோடு சேர்ந்து உண்ணாதே, அவள் உண்ணும்போது பார்க்கவும் செய்யாதே. அங்கே விலகி உட்காருவது ஆணின் தூய்மைக்கான விதி. மிலேட்டஸில் அது பெண்கள் போட்ட விதி. திண்ணையில் நின்று பார்க்கிறவர்களுக்கு இரண்டு வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

*

விழுப்புரத்தில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் இந்தக் கதையை ஒரு நாள் சொன்னேன். மரக்காணம், ஒலக்கூர், மயிலம், வானூர் என்று நாலா பக்கமிருந்தும் காலை ஆறரை மணி பேருந்தைப் பிடித்து வரும் பிள்ளைகள். பலருடைய வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் சலசலப்பு. “எங்கம்மாவும் அப்படித்தான் மேடம்” என்று நாலைந்து குரல். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சாதாரணமாகப் பேசவே மாட்டாள்.

“அப்படின்னா மேடம், நம்ம ஊர்ல யாரைக் கொன்னாங்க?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். மணி அடித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதற்கான விடையில்லை. விடை தேடிப் போன இடங்கள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

மிலேட்டஸின் பெண்களுக்கு நடந்தது ஒரு தடவையோடு முடியவில்லை. கி.மு. 499இல் அயோனிய நகரங்கள் பாரசீகப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தன. கி.மு. 494இல் மிலேட்டஸ் விழுந்தது. ஆண்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளானார்கள் என்று ஹெரடோடஸ் எழுதுகிறார். முன்னோர்கள் காரியர்களுக்குச் செய்ததாகச் சொல்லப்பட்டது அப்படியே திரும்பி வந்தது. இரண்டு தடவையும் செத்தது ஆண்கள், கைமாறியது பெண்கள். பிற அயோனிய நகரங்களிலும் அழகான சிறுமிகளைத் தேர்ந்தெடுத்து அரசனிடம் அனுப்பினார்களாம். மிலேட்டஸின் வீழ்ச்சியை பிரினிக்கஸ் என்பவர் ஏதென்ஸில் நாடகமாகப் போட்டபோது அரங்கமே அழுதது. துயரத்தை நினைவூட்டிவிட்டார் என்று அவருக்கு ஆயிரம் டிராக்மா அபராதம் விதித்து, இனி யாரும் அந்த நாடகத்தைப் போடக் கூடாது என்று தடையும் விதித்தார்கள். நாடகம் இன்று இல்லை. அதில் பெண்கள் என்ன பேசினார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

மிக நெடுங்காலம் கழித்து, 1922இல், அதே கரையில் ஸ்மிர்னா நகரம் எரிந்தது. உழைக்கும் வயதுள்ள கிரேக்க ஆண்களைக் கட்டாய உழைப்புப் படைகளுக்குப் பிடித்து வைத்துக்கொண்டு, பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கப்பலேற்றினார்கள். அடுத்த ஆண்டு கையெழுத்தான மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தோடு அயோனியாவின் கிரேக்க வாழ்வு முடிந்தது. அங்கே விடப்பட்டவர்களின் பெயர்களை அந்தப் பெண்கள் எத்தனை அலுவலகங்களில் சொல்லிச் சொல்லித் தேடியிருப்பார்கள்.

பெயர் என்றதும் இன்னொரு மிலேட்டஸ்காரி நினைவுக்கு வருகிறாள், அஸ்பேசியா. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏதென்ஸுக்கு வந்து, அந்நகரத்தின் தலைவர் பெரிக்ளிஸோடு வாழ்ந்தவள். தாய் தகப்பன் இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று கி.மு. 451இல் சட்டம் கொண்டுவந்தவரே பெரிக்ளிஸ்தான். அயோனியப் பெண்ணோடு வாழ்ந்தபோது அந்தச் சட்டம் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. மற்ற மகன்கள் கொள்ளைநோயில் இறந்த பிறகு, அஸ்பேசியாவின் மகனுக்குத் தனிச் சலுகையாகக் குடியுரிமை கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. நகைச்சுவை நாடகக்காரர்கள் அவளை வேசி என்றார்கள், போருக்கே அவள்தான் காரணம் என்றார்கள். பெரிக்ளிஸின் பெயர் பெற்ற இரங்கல் உரையை எழுதிக்கொடுத்தவளே அஸ்பேசியா என்று பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் பாதி விளையாட்டாகச் சொல்கிறார்.

அந்த உரையை துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். போரில் இறந்தவர்களின் மனைவிகளைப் பார்த்து பெரிக்ளிஸ் சொல்லும் ஆறுதல் ஒன்று அதில் உண்டு. புகழ்ச்சியாகவோ இகழ்ச்சியாகவோ ஆண்கள் வாயில் எந்தப் பெண்ணின் பேச்சு மிகக் குறைவாக அடிபடுகிறதோ அவளுக்கே பெருமை என்பதுதான் அது. ஊரே வாயில் போட்டு மென்ற ஒருத்தியோடு வாழ்ந்துகொண்டு இதைச் சொன்னார். ஏதென்ஸின் நீதிமன்ற உரைகளிலும் மதிப்புள்ள வீட்டுப் பெண்ணைப் பெயர் சொல்லாமல், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று குறிப்பதுதான் நாகரிகம். தைரியமாகப் பெயர் சொல்லப்படுகிறவள் பெரும்பாலும் செத்தவளாகவோ எதிர்க்கட்சிக்காரனின் வீட்டுப் பெண்ணாகவோ இருப்பாள். மிலேட்டஸில் பெண்கள் ஆண்களின் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். ஏதென்ஸில் ஆண்கள் பெண்களின் பெயரை மறைத்தார்கள். இரண்டு மௌனத்தையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

*

அயோனியா நமக்கு அவ்வளவு தூரமில்லை. அந்தப் பெயர் தமிழில் இருக்கிறது. பாரசீகர்கள் தங்கள் மேற்கு எல்லையில் முதலில் சந்தித்த கிரேக்கர்கள் அயோனியர்கள் என்பதால், கிரேக்கர் எல்லாரையும் ‘யௌனா’ என்றார்கள். அது பிராகிருதத்தில் ‘யோன’ ஆகி, சமஸ்கிருதத்தில் ‘யவன’ ஆகி, தமிழில் ‘யவனர்’ ஆனது. அரசு மருத்துவமனைகளில் சித்தா, ஆயுர்வேதத்துக்குப் பக்கத்தில் ‘யுனானி’ என்று பலகை தொங்குகிறதே, அதுவும் இதே சொல்தான். சங்க காலம் வரும்போது யவனர் என்றால் மேற்கேயிருந்து கப்பலில் வருகிறவர் யாரானாலும் சரி என்று பொருள் விரிந்துவிட்டது. எகிப்திலிருந்து வந்த கிரேக்கம் பேசும் வணிகர்களும் உரோமர்களும் அதில் அடக்கம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் அப்படி ஒரு வணிகர் எழுதிய செங்கடல் பயணக் குறிப்பில், நம் கிழக்குக் கரையின் மூன்று துறைமுகங்கள் வரிசையாக வருகின்றன: கமரா, பொதுகே, சோபட்மா. பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. சோபட்மா ‘சோபட்டினம்’ என்றும், சோ என்றாலும் எயில் என்றாலும் மதில்தான் என்பதால் அது சங்க நூல் சொல்லும் எயிற்பட்டினம், அதாவது இன்றைய மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். திண்டிவனத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். என் மாணவிகளில் சிலருடைய அம்மாக்கள் அங்கே உப்பளத்தில் வேலை செய்கிறார்கள்.

அதே குறிப்பு, இன்றைய குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் அரசனுக்காக இறக்கும் சரக்குகளைப் பட்டியலிடுகிறது. வெள்ளிப் பாத்திரங்கள், இசை பழகிய அடிமைகள், அந்தப்புரத்துக்கு அழகான பெண்கள், நல்ல மது, விலை உயர்ந்த துணி. பெண்கள் பாத்திரத்துக்கும் மதுவுக்கும் நடுவில் வருகிறார்கள். வணிகருடைய கை நடுங்கியதாகத் தெரியவில்லை, கணக்குப் புத்தகத்தின் வேகத்தில் அடுத்த துறைமுகத்துக்குப் போகிறார். அந்தப் பெண்கள் எந்த ஊர், எந்த மொழி? யாரோடு சேர்ந்து சாப்பிட்டார்கள்?

நம் இலக்கியத்திலும் யவனர் என்றால் ஆண்கள்தான். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கிறார்கள். புறநானூற்றில் நக்கீரர் பாட்டொன்றில் பாண்டியன் குடிக்கும் மது யவனர் கப்பலில் வந்தது. அதைப் பொற்கிண்ணத்தில் ஊற்றிக்கொடுப்பவர்கள் வளையணிந்த பெண்கள். நெடுநல்வாடையில் யவனர் செய்த விளக்கை ஒரு பெண் ஏந்தி நிற்கிறாள். ஆனால் அவள் உலோகத்தில் வார்த்த பாவை. ஊற்றிக்கொடுக்கும் கையும் விளக்கு பிடிக்கும் கையும் மட்டும்தான் இந்தக் காட்சிகளில் பெண்களுக்கு வாய்த்திருக்கிறது.

அந்த மது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்ததில் இரண்டு பெண்களுக்குப் பங்குண்டு என்பதை இங்கே எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். அரிக்கமேடு என்றாலே 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலரைத்தான் சொல்வோம். 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே மீண்டும் அகழ்ந்தவர் விமலா பெக்லி. அங்கே கிடைத்த மதுச்சாடித் துண்டுகளைப் படித்தவர் எலிசபெத் லைடிங் வில். கோஸ் தீவு மதுச்சாடிகளின் வடிவம் அதில் நிறைய. கோஸ், ஹெரடோடஸ் பிறந்த ஊருக்கு எதிரே கடலில் தெரியும் தீவு. மேலைநாட்டுச் சரக்கு என்று வீலர் நினைத்த, உட்புறம் வரிக்கோலம் போட்ட நேர்த்தியான கலங்கள் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்கலாம் என்று வாதிட்டவரும் பெக்லிதான். பிறகு வந்த களிமண் ஆய்வுகள் அது இந்திய மண் என்றே காட்டின. நல்ல பாத்திரம் என்றால் வெளியூர் ஆள்தான் செய்திருப்பான் என்ற நினைப்பைக் கலைக்க நாற்பது ஆண்டுகள் ஆனது.

மரக்காணத்துக்குத் திரும்புகிறேன். திண்டிவனம் சுற்றியுள்ள நிலத்துக்குச் சங்க காலத்தில் ஓய்மாநாடு என்று பெயர். அதை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை, பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். நல்லியக்கோடனின் கிடங்கில், இன்று திண்டிவனம் நகரத்துக்குள்ளேயே கிடங்கல் என்ற பகுதியாக இருக்கிறது. மன்னனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழிசொல்லும் பாட்டு அது. வழியெல்லாம் சாப்பாடு. எயிற்பட்டினத்தில், அலைகள் ஒதுக்கிய மணக்கும் மரக்கட்டைகள் படுத்துத் தூங்கும் ஒட்டகங்களைப்போலக் கிடக்க, அவற்றையே விறகாக எரித்து, ஒரு நுளைமகள் அரித்த பழைய கள்ளைப் பரதவர்கள் விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள், சுட்ட மீனோடு. கடலுக்கு அப்பாலிருந்து மது வந்து இறங்கிய கரையில், ஒரு பெண் தன் கள்ளைத் தானே அரித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்து வேலூரில் எயிற்றியர் சமைத்த சோறும் கறியும். எல்லா ஊரிலும் பெண்கள் கை. பாட்டில் பெயர் உள்ளவன் நல்லியக்கோடன்.

ஆனால் நத்தத்தனார் காட்டும் ஒரு வீட்டை நான் மறப்பதில்லை. மன்னனைப் பார்ப்பதற்கு முன் பாணன் இருந்த வீடு. குட்டி போட்ட நாய் பால் சுரக்காமல் அடுப்படியில் கத்துகிறது. பசியில் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேக வைக்கிறாள். பார்த்தால் பழிப்பார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். இந்த ‘சேர்ந்து’ எனக்கு முக்கியம். ஒன்றுமில்லாத வீட்டில் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. நாம் என்றென்றைக்கும் இப்படித்தான் தனித்தனியாகச் சாப்பிட்டோம் என்று யாராவது சொன்னால், இந்த மண்ணிலேயே பாடப்பட்ட அந்தச் சாத்திய கதவைக் காட்டத் தோன்றும்.

*

பின்வரிசைப் பெண்ணின் கேள்விக்கு அடுத்த வாரம் வகுப்பிலேயே ஒரு பதில் வந்தது, என்னிடமிருந்து அல்ல. யாரைக் கொன்றார்கள் என்பதைப் பற்றியே பேச்சு போய்க்கொண்டிருந்தது. திண்டிவனம் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு மாணவி சொன்னாள்: “பேர் சொல்லக்கூடாதுங்கறது எல்லாருக்கும் ஒண்ணு இல்ல மேடம். எங்க காலனிக்கு வந்து, ஊர்த்தெருப் பையன், பத்து வயசு இருக்கும், எங்க தாத்தாவப் பேர் சொல்லி, ‘டா’ போட்டுக் கூப்பிடுவான். எங்க தாத்தா வூட்ல ஆயா சொல்லாத பேரு அது.”

யாரும் சிரிக்கவில்லை. மனைவி உச்சரிக்கத் தகாத பெயர் என்று வீட்டுக்குள் காக்கப்பட்டது, தெருவில் ஒரு சிறுவன் வாயில் கிடந்து உருண்டது. அந்த ஆயா பெயரைச் சொல்லாமல் விட்டதில், ஊர் பறித்த மதிப்பை வீட்டுக்குள்ளாவது கொடுப்போம் என்று ஒன்று இருந்திருக்குமோ? அப்படியானால் அதை அடிமைத்தனம் என்று நான் ஒரே சொல்லில் தள்ளியது சரியா? வெளியே கிடைக்காத மதிப்பை ஈடுகட்டும் கடன் ஏன் அவள் தலையில் விழுந்தது என்றும் கேட்க வேண்டும். மிலேட்டஸ் கதையை அப்படியே தூக்கிவந்து விழுப்புரத்தில் இறக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். ஒரே ஊரில், ரெண்டு தெருவில், ஒரே மௌனம் ரெண்டு வேலை பார்த்திருக்கிறது.

ஹெரடோடஸ் அந்தப் பெண்களிடம் நேரில் கேட்டிருக்க வாய்ப்பில்லை. எனக்கு வாய்ப்பிருந்தது. ஆயா இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைநாளில் பக்கத்தில் உட்கார்ந்து, மிலேட்டஸ் கதையை அவளுக்குச் சொன்னேன். மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டாள். கொன்ற இடம் வந்தபோது கை நின்றது. முடித்துவிட்டு, “நீ ஏன் ஆயா தாத்தா பேரச் சொன்னதே இல்ல?” என்றேன்.

“சொன்னதில்லன்னு ஆரு சொன்னது?” என்றாள். “கோவம் வந்தா கொல்லைக்குப் போயிடுவேன். ஆரும் இல்லாதப்ப வாய் நெறையப் பேரச் சொல்லித் திட்டிட்டு வருவேன். அந்த மனுசன் பேர என்னாட்டம் அத்தினி வாட்டி ஆரும் சொல்லியிருக்க மாட்டாங்க.”

“ஆப்பீஸ்ல கேட்டப்ப சொல்லலையே.”

“அவனுங்களுக்கு எதுக்கு?”

“சரி, ஏன் அவரோட சேர்ந்து சாப்பிடல?”

“அவரு எந்திரிச்சிப் போனப்பறம்தான் சோறு சோறாட்டம் இருக்கும். எதிர்ல உக்காந்தா உப்பு பத்தல, ஒறப்பு பத்தலன்னு.” கொஞ்ச நேரம் உரித்தாள். “சில நாளு சேந்து துன்னலாமான்னும் இருக்கும். அதெல்லாம் ஆரு கேட்டாங்க.”

பதினாலு வயதில் கட்டிக்கொடுத்த பெண் அவள். பெயர் சொல்லக் கூடாது, முன்னால் சாப்பிடக் கூடாது என்று யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

“எங்கம்மாதான். கண்ணாலத்துக்கு மொத நாளு ராத்திரி.”

“கொல்லைக்குப் போய்த் திட்டறது?”

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அதுவும் அவதான்.”